டயல் பளபளக்கிறதே என்று மயங்க வேண்டாம்: பழைய வாட்ச்சில் அசல் பார்ப்பது எப்படி?

திருத்துறைப்பூண்டித் தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இது. தாத்தா காலமான பிறகு அவர் பீரோவை ஒழித்ததில் மூன்று கைக்கடிகாரங்கள் கிடைத்திருக்கின்றன: ஒரு ஃபேவர்-லூபா சீ கிங், ஒரு சீகோ 5, ஒரு எச்எம்டி ஜனதா. மாமா பார்த்துவிட்டு, "ஃபேவர்-லூபாதான் ஒஸ்தி, டயல் இன்னும் புதுசு மாதிரி இருக்கு பாரு" என்றிருக்கிறார். அதோடு தம்பிக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. கும்பகோணத்தில் ஒருவர், பின்மூடியில் ‘எஸ்.ஐ.ஆர்.’ என்று வெட்டிய ரயில்வே பாக்கெட் வாட்ச் ஒன்றுக்கு 18,000 ரூபாய் சொல்கிறார், வாங்கலாமா என்கிறார். எது அசல் என்று தானே பார்க்கக் கற்றுக்கொள்ள முடியுமா என்பதும் கேள்வி.

முடியும். மாமா சொன்னதை அப்படியே தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள், பாதிப் பாடம் முடிந்தது. நம் பக்கத்தில் ஐம்பது அறுபது வருஷம் கையில் கட்டிய வாட்ச்சுக்கு டயல் புதிதாக இருக்க வழியே இல்லை. ஐப்பசி கார்த்திகை அடைமழை, நாகை வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்று, வயல் வெயிலில் வழிகிற வேர்வை எல்லாம் சேர்ந்து கண்ணாடிக்கு அடியில் ஈரத்தைக் கொண்டுபோய்விடும். ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி, வெள்ளியாக இருந்தது தேங்காய்ப்பால் நிறம், முள்ளில் லேசாகத் துரு. நல்ல டயல் என்றால் இங்கே அதுதான். பளிச்சென்று நீலமாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் பெரும்பாலும் யாரோ மறுபடி அச்சடித்திருக்கிறார்கள்.

ஒரு வாட்ச்சில் டயல், முள், கண்ணாடி, கேஸ், பின்மூடி, சாவி (பக்கத்தில் திருகுகிற குமிழ்), உள்ளே மெஷின் என்று பல உறுப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயது உண்டு. அசல் பார்ப்பது என்றால் இந்த வயதெல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான். ஒரே ஒரு முத்திரையைப் பார்த்து ‘அசல்’ என்று சொல்லும் ஆளை நம்பாதீர்கள். முத்திரையைப் போலி செய்வது சுலபம். ஏழு உறுப்பையும் ஒரே வயதுக்குக் கொண்டுவருவதற்கு ஆகும் செலவில் அசலையே வாங்கிவிடலாம், அதனால் பெரும்பாலும் யாரும் அதற்கு மெனக்கெடுவதில்லை.

இந்த வாட்செல்லாம் இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று தெரிந்தால் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பதும் தெரியும். சுதந்திரத்துக்குப் பிறகு பல காலம் வெளிநாட்டு வாட்ச் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. ஆனால் ஃபேவர்-லூபா 1865 முதலே இந்தியாவில் வியாபாரம் பண்ணிய சுவிஸ் கம்பெனி. பம்பாயில் கிளை இருந்தது, ஆகையால் இங்கே வக்கீல், வாத்தியார், மிராசுதார் கைகளில் அது சகஜம். சீகோ, சிட்டிசன் எல்லாம் கப்பலில் வந்தவை. நாகப்பட்டினத்துக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் நடுவே ரஜூலா, அதற்குப் பிறகு சிதம்பரம் என்ற கப்பல்கள் ஓடின. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் சபுராளிகள், அதாவது பிழைக்கக் கடல் கடந்து போனவர்கள், ஊருக்கு வரும்போது கையில் ஒன்று, பெட்டியில் ஒன்று என்று கொண்டுவருவார்கள். உங்கள் தாத்தா கூத்தாநல்லூர்க் கடையில் கணக்கெழுதியவர் என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் சீகோ முதலாளி கொடுத்ததாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. இது ஊகம். எண்ணைப் பார்த்தால் வருஷம் தெரியும், பின்னால் சொல்கிறேன்.

இப்படி வந்த வாட்ச்சுக்கு இங்கே அசல் பாகம் கிடைக்காது. ஆகவே ரிப்பேர்க்காரர் கிடைத்ததைப் போட்டு ஓட்டினார். டயல் மங்கிப்போனால் வாடிக்கையாளரே "டயல் மாத்திக் குடுங்க" என்று கேட்டு, காசு கொடுத்து அச்சடித்து வாங்கிப் போனார். அது மோசடி அல்ல. அந்தக் காலத்து மராமத்து. வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லையே. அதனால் ‘அசல்’, ‘போலி’ என்று இரண்டே பெட்டி வைத்துக்கொண்டு பார்த்தால் டெல்டா வாட்ச்சில் பாதியைத் தப்பாகத்தான் எடைபோடுவீர்கள். முழு அசல் உண்டு. அசல் வாட்ச்சில் டயலோ சாவியோ மாற்றியது உண்டு. மூன்று வாட்ச்சின் பாகத்தைக் கூட்டி ஒன்றாக்கியது உண்டு. கடைசியில்தான், பெயரைத் தவிர எதுவும் உண்மையில்லாத சுத்தப் போலி. இரண்டாவது வகை வீட்டில் இருக்கத் தகுந்தது. விலை கொடுத்து வாங்கும்போது மூன்றாவது வகையைத்தான் அதிகம் சந்திப்பீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஒரு பத்து மடங்கு லென்ஸ் வாங்குங்கள். வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் மாட்டிக்கொள்வதே போதும். டயலை வெயில் படாத ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எழுத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சிட்ட எழுத்து டயலின் மேல் மெல்லிய மேடாக உட்கார்ந்திருக்கும், ஓரம் கத்தியால் நறுக்கியது போல் நேராக இருக்கும். மறுபடி அச்சடித்ததில் மை கசிந்து, எழுத்தின் மூலைகள் உருண்டு, ஓர் எழுத்து தடித்தும் இன்னொன்று மெலிந்தும் நிற்கும். அடுத்து நிமிஷக் கோடுகள். வட்டத்தைச் சுற்றியுள்ள அறுபது கோட்டில் ஒவ்வொரு ஐந்தாவது கோடும் மணிக்குறியின் நடுவே போய் முட்ட வேண்டும். மறு அச்சில் பன்னிரண்டில் சரியாகத் தொடங்கி, ஏழெட்டு மணி வரும்போது மயிரிழை விலகியிருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, லென்ஸில் கண்ணைக் குத்தும்.

உலோகத்தில் தனியாகப் பதித்த மணிக்குறிகள் இருந்தால் அவற்றின் காலடியைப் பாருங்கள். குறிகளைக் கழற்றாமலே மேலே பெயின்ட் அடித்திருந்தால் ஓரத்தில் பெயின்ட் தேங்கிக் குட்டை கட்டியிருக்கும். ஆறு மணிக்கு அடியில், டயலின் விளிம்பை ஒட்டி, ‘சுவிஸ்’ அல்லது ‘சுவிஸ் மேட்’ என்று பொடி எழுத்து சுவிஸ் வாட்ச்சில் பெரும்பாலும் இருக்கும். மறு அச்சடிப்பவர்கள் அடிக்கடி விட்டுவிடுவது அதைத்தான். இருந்தாலும் இடம் மாறி மேலே ஏறியிருக்கும்.

இதைவிட எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. வாட்ச்சுக்குள் தண்ணீர் முக்கியமாக எந்த வழியாகப் போகும்? சாவி நுழைகிற துவாரம் வழியாக. ஆகவே ஈரம் பட்ட வாட்ச்சில் கறை சாவி இருக்கும் பக்கம், பெரும்பாலும் மூன்று மணியில், தொடங்கிப் பரவும். பின்மூடியைத் திறந்தால் சாவித் தண்டைச் சுற்றியுள்ள இரும்புப் பாகங்களில் துரு இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக அமையும். உள்ளே சாவிப் பக்கம் துரு ஏறியிருக்க, அதே இடத்துக்கு மேலே டயல் பால் போல் வெள்ளையாக இருந்தால், துரு ஏறிய பிறகு வந்த டயல் அது. எந்த மாடல், எந்த வருஷம் என்று ஒன்றும் தெரியாவிட்டாலும் இந்தச் சோதனை வேலை செய்யும். நம் ஊர் ஈரம் நமக்குச் செய்கிற உபகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழசாகத் தெரிய வேண்டும் என்றே டயலைப் பழுப்பாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். சுவாமிமலைப் பக்கம் சிலை பார்த்துப் பழகியவர்கள் புதுச் சிலையைப் பழசாக்கியதைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள்: பச்சை எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பிடித்திருக்கும், கை பட்டுத் தேய வேண்டிய முழங்காலும் அதே பச்சையாக இருக்கும். டயலிலும் அதே கதை. தானாக வந்த பழுப்பு ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். எப்போதும் முள் நின்ற இடத்தில் நிழல் போல் விட்டுப்போகும்.

முள் நிழல் என்றதும் இருட்டில் ஒளிர்கிற பூச்சு ஞாபகத்துக்கு வருகிறது. வயது கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி குறைவு. 1960-களின் தொடக்கம் வரை ரேடியம் பூசினார்கள். அதற்குப் பிறகு டிரிட்டியம். 1990-களில்தான் கதிரியக்கம் இல்லாத, விளக்கு வெளிச்சத்தைக் குடித்து ஒளிரும் பூச்சு வந்தது. டிரிட்டியம் போட்ட சுவிஸ் டயலில் ‘சுவிஸ்’ என்ற சொல்லின் இரு பக்கமும் ஆங்கில ‘டி’ எழுத்து இருக்கும். டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். 1965-ல் பூசியது இன்றைக்குச் சுமார் முப்பதில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒளிராது. ரேடியத்துக்கு அரை ஆயுள் சுமார் 1,600 வருஷம். ஆனால் அதோடு கலந்த துத்தநாகச் சேர்மம் கதிர் பட்டுப் பட்டுச் செத்துவிடும், அதனால் அதுவும் ஒளிராது. ஆகவே "ரேடியம் டயல் சார், ராத்திரி முழுக்க எரியும்" என்று ஒருவர் காட்டினால், அந்தப் பூச்சு நேற்றுப் பூசியது என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

நிஜமான ரேடியம் டயலில், முள் பல வருஷம் ஓடாமல் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அதன் வடிவத்தில் டயல் பழுப்பாக வெந்திருக்கும். இதைப் போலி செய்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒன்றை மறக்காதீர்கள்: ஒளி போனாலும் ரேடியத்தின் கதிரியக்கம் போகவில்லை. கண்ணாடி மூடியிருக்கும்வரை பெரிய கவலை இல்லை. கண்ணாடியைக் கழற்றிப் பூச்சைச் சுரண்டிப் பார்ப்பது, தூளை ஊதுவது, குழந்தை கையில் கொடுப்பது எதுவும் கூடாது.

அடுத்து உள்ளே. பின்மூடியை வீட்டில் கத்தியால் நெம்பாதீர்கள், ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லிக் கூடவே நில்லுங்கள். முதலில் மூடியின் உட்பக்கத்தைப் பாருங்கள். சர்வீஸ் செய்த ஒவ்வொருவரும் ஊசி முனையால் தேதியோ தன் அடையாளமோ கீறி வைப்பது அந்தக்காலப் பழக்கம். மூன்று நான்கு கீறல் வெவ்வேறு கையெழுத்தில் இருந்தால், அந்த மூடியாவது நிஜமாக வாழ்ந்த மூடி. பிறகு மெஷின். கம்பெனி பெயர் பாலம் போன்ற தகட்டில் வெட்டியிருக்கும். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் வீலுக்கு அடியில், லென்ஸ் போட்டுச் சாய்த்துப் பார்த்தால், மெஷினைச் செய்தவர் முத்திரையும் மாடல் எண்ணும் பல வாட்ச்சில் தெரியும்.

பல சுவிஸ் கம்பெனிகள் மெஷினை வெளியே வாங்கித் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டன. ஆகவே ஃபேவர்-லூபா டயலுக்கு அடியில் ஏ. ஷீல்ட் என்ற மெஷின் கம்பெனியின் முத்திரை தெரிந்தால் உடனே போலி என்று தூக்கிப் போடாதீர்கள், அந்த மாடலுக்கு அது வந்ததா என்று தேடுங்கள். சந்தேகப்பட வேண்டியது பெயர் வெட்டிய விதத்தை. தொழிற்சாலையில் முதலில் எழுத்தை வெட்டிப் பிறகு முலாம் பூசுவார்கள், பள்ளத்துக்குள்ளும் முலாம் இருக்கும். பின்னால் யாரோ வெட்டிய எழுத்து முலாமைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும், பள்ளத்தில் பித்தளை மஞ்சள் பல்லைக் காட்டும்.

ஃபேவர்-லூபாவைப் பற்றி இன்னொரு வார்த்தை. சீ கிங், சீ சீஃப் இரண்டும்தான் நம் பக்கம் மிக அதிகம், மறு அச்சில் சீரழிந்ததும் அவைதான் அதிகம். அசலில் பெரும்பாலும் வெள்ளி, வெள்ளை, கறுப்பு என்று அடக்கமான டயல். மணற்கடிகாரம் போன்ற சின்னம் ஒன்று உண்டு. அதன் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள், மறு அச்சில் அது இடுப்பு வீங்கி நிற்கும். தம்பியின் சீ கிங் ‘மயில் கழுத்து நீலம், புதுசு மாதிரி’ என்றால் மறு அச்சு என்றே நினைக்கிறேன். அவர் அனுப்பிய படத்தில் சாவி பெரிதாகத் துருத்திக்கொண்டு நிற்பதும் மாற்றியதைத்தான் காட்டுகிறது. ஆனால் கேஸும் மெஷினும் ஒத்துப்போனால் அது தாத்தாவின் அசல் சீ கிங்தான், சட்டை மட்டும் மாற்றியது. விற்கப்போனால் விலை குறையும். விற்கப்போகிறீர்களா என்ன?

சீகோவுக்கு வருவோம். கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவருக்கு இதைப் போல் நல்ல வாத்தியார் கிடையாது. ஏனென்றால் அதன் பின்மூடியிலேயே விடை எழுதியிருக்கிறது. நான்கு இலக்கம், ஒரு கோடு, மறுபடி நான்கு இலக்கம் என்று ஓர் எண் இருக்கும். முதல் நான்கு மெஷினின் எண், அடுத்த நான்கு கேஸின் எண். உள்ளே மெஷினிலும் அந்த முதல் நான்கு இலக்கம் இருக்க வேண்டும். டயலின் அடி விளிம்பில், ஆறு மணிக்குக் கீழே, கண்ணாடி ஓரத்தில் ஒளிந்துகொண்டு ஒரு பொடி எண் உண்டு. அதுவும் அதே நான்கில்தான் தொடங்க வேண்டும். மூடி, மெஷின், டயல் மூன்றும் ஒத்தால் முக்கால் பங்கு நிம்மதி. டயலின் இரண்டாவது பகுதி எண் மூடியில் உள்ளதோடு அப்படியே பொருந்தாமல் போகலாம், அது சகஜம், பயப்பட வேண்டாம்.

மூடியில் தனியாக, பெரும்பாலும் ஆறு இலக்கத்தில், வரிசை எண் ஒன்று இருக்கும். முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஆங்கில எழுத்து ஓ, என், டி. 6119 மெஷின் போட்ட ஒரு சீகோ 5-ல் வரிசை எண் 0-வில் தொடங்கி அடுத்து ‘என்’ என்று வந்தால், 1970 நவம்பர். அந்த மெஷின் 1960-களின் பிற்பகுதியிலிருந்து 70-களின் நடுப்பகுதி வரை வந்தது, ஆகவே 0 என்றால் 1980 ஆகாது. இப்படித்தான் பத்தாண்டை முடிவு செய்ய வேண்டும். உங்கள் தாத்தா கூத்தாநல்லூரில் வேலை பார்த்த வருஷங்களோடு இதை ஒப்பிட்டால் என் ஊகம் நிற்கிறதா விழுகிறதா என்று தெரிந்துவிடும்.

இன்னும் ஒரு வழி, ஜுவல் கணக்கு. மெஷினில் அச்சுகள் தேயாமலிருக்கப் பதிக்கிற பொடிக் கற்கள்தான் ஜுவல். 7009 மெஷினுக்கு 17 ஜுவல். 6119-க்குப் பெரும்பாலும் 21. டயலில் 21 ஜுவல் என்று அச்சிட்டு, மூடியில் 7009 என்றிருந்தால் அது இரண்டு வாட்ச்சைக் கூட்டியது. சாவியைத் திருகினால் இந்த இரண்டு மெஷினும் ஏறாது, கையை ஆட்டினால்தான் ஓடும். "சாவி ஏற மாட்டேங்குது, ரிப்பேர்" என்று சொல்லி மலிவாகத் தள்ளிவிடுகிற நல்ல சீகோக்கள் இன்றும் அகப்படுகின்றன. தெரிந்தவருக்கு லாபம்.

ஜனதா விஷயத்தில் சிக்கல் வேறு மாதிரி. எச்எம்டி 1961-ல் ஜப்பான் சிட்டிசன் கம்பெனி உதவியோடு பெங்களூரில் தொடங்கியது. ஜனதா 17 ஜுவல், கையால் சாவி கொடுப்பது, தேதி கிடையாது. பேலன்ஸுக்கு அடி தாங்கும் அமைப்பைக் குறிக்கும் ‘பாராஷாக்’ என்ற சொல் டயலில் வரும், அது சிட்டிசனிடமிருந்து வந்த சொல். 2016-ல் எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. அதற்குப் பிறகுதான் ஜனங்களுக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. வாட்ச் நின்றாலும் உதிரிபாகம் ஏராளமாகச் சந்தையில் கிடந்தது. ஆகவே இன்று ‘பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக்’ என்று விற்பதில் பலவும், அசல் எச்எம்டி மெஷினில் புதிதாக அடித்த டயலைப் போட்டுப் பூட்டியது. உறுப்பு அசல், உடம்பு நேற்றைக்குச் சேர்த்தது.

சாமி படம், தலைவர் படம், ராணுவச் சின்னம் போட்ட ஜனதா, எச்எம்டியின் இன்னொரு மாடலான பைலட் எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம். அரிதான பதிப்பு என்று விலை ஏற்றுவார்கள், சிரித்துவிட்டு நகருங்கள். தங்க நிறத்தில் கல்யாண மாப்பிள்ளைகள் கேட்டு வாங்கிய எச்எம்டி காஞ்சன் இருக்கிறதே, அதில் முலாம்தான், தங்கம் இல்லை. முலாம் பட்டை மாட்டுகிற காதுகளின் ஓரத்திலும் முதுகிலும் தேய்ந்து அடி உலோகம் தெரிவதே நல்ல அடையாளம். முழுக்க மினுங்கினால் மறுமுலாம்.

தங்கம் என்று சொல்லி ஒமேகா காட்ட வருகிறவர்களும் உண்டு. இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். 1995-க்கு முந்தைய சுவிஸ் தங்கக் கேஸில் 18 காரட்டுக்குப் பெண் தலை முத்திரையும், 14 காரட்டுக்கு அணில் முத்திரையும் மூடியின் உள்ளே இருக்க வேண்டும். ஒமேகா மெஷின் பெரும்பாலும் செம்பு நிறத்தில் இருக்கும், வரிசை எண் மெஷினிலேயே வெட்டியிருக்கும். பழைய அசல் பிளாஸ்டிக் கண்ணாடியின் நட்டநடுவில், லென்ஸில் மட்டும் தெரியும்படி, ஒமேகாச் சின்னம் இருக்கும். அது இல்லையென்றால் போலி என்று அர்த்தமில்லை, இங்கே உடைந்த கண்ணாடிக்கு உள்ளூர்க் கண்ணாடிதான் போட்டார்கள். இது தெரியாமல் நல்ல ஒமேகாவை ஒதுக்கியவர்கள் இருக்கிறார்கள்.

இனி அந்த 18,000 ரூபாய் ரயில்வே வாட்ச். எஸ்.ஐ.ஆர். என்பது தென்னிந்திய ரயில்வே. நாகப்பட்டினத்தில் அதன் பட்டறை இருந்தது, பிறகு பொன்மலைக்குப் போனது. ஆகவே கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பங்களிலிருந்து நிஜமான ரயில்வே வாட்ச் டெல்டாவில் வெளியே வர வாய்ப்பு உண்டுதான். அந்த வாய்ப்பை வைத்துத்தான் இந்த வியாபாரமும் நடக்கிறது. 1951 ஏப்ரல் 14-ம் தேதி அந்த ரயில்வே மற்ற இரண்டோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆகிவிட்டது. அதற்குப் பிறகு செய்த வாட்ச்சில் எஸ்.ஐ.ஆர். என்று வெட்ட யாருக்கும் அவசியம் இல்லை. ஆகவே மெஷினைத் திறந்து அதன் வயதைப் பாருங்கள். உள்ளே எச்எம்டி முத்திரை இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, அந்தத் தொழிற்சாலை பிறந்ததே பத்து வருஷம் கழித்து. பேலன்ஸின் நடுக்கல்லின் மேல் யாழ் வடிவத்தில் ஒரு குட்டி ஸ்பிரிங் இருந்தால் அது இன்காபிளாக் என்ற அடிதாங்கி. 1934-ல் வந்தது, பாக்கெட் வாட்ச்களில் பரவலானது அதற்கும் பிறகு. மெஷின் எண்ணை வைத்து எப்போது தயாரித்தது என்று தேடிய பிறகே மேலே பேச வேண்டும்.

மெஷின் பழசாகவே இருந்தாலும் எழுத்து புதிதாக இருக்கலாம். கும்பகோணத்தில் பாத்திரக் கடைக்குப் பஞ்சமில்லை, பேர் வெட்டுகிறவருக்கும் பஞ்சமில்லை. கல்யாணச் சீர் அண்டாவில் வெட்டுகிற அதே கை, வாட்ச் மூடியில் மூன்று எழுத்து வெட்ட எத்தனை நேரம் ஆகும்? விரல் நுனியால் எழுத்தின் மேல் தடவிப் பாருங்கள். புதிதாக வெட்டியதில் ஓரம் சுரசுரவென்று நகத்தில் மாட்டும், பள்ளத்தின் அடி பளபளக்கும். எழுபது எண்பது வருஷம் சட்டைப் பையில் உரசிய எழுத்தின் ஓரம் மழுங்கி, பள்ளம் கறுத்திருக்கும். முக்கியமாக, மூடியில் உள்ள மற்றக் கீறல்கள் எழுத்தின் குறுக்கே ஓடுகின்றனவா என்று பாருங்கள். கீறல் எழுத்தை வெட்டிக்கொண்டு போனால் எழுத்து முந்தியது. எழுத்து கீறலை வெட்டிக்கொண்டு போனால், கீறல் விழுந்து தேய்ந்த பிறகுதான் எழுத்து வந்திருக்கிறது. இந்த ஒரு பார்வைக்கு அவர் பின்மூடியைக் கையில் கொடுக்க வேண்டும். "திறந்தா மிஷின் கெட்டுடும்" என்று மறுத்தால், வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

கற்றுக்கொள்வதற்கு என்ன வழி என்று கேட்டீர்கள். விலை உயர்ந்ததில் தொடங்காதீர்கள். ஓடாத ஜனதா இரண்டு மூன்று, ஓடாத சீகோ ஒன்று வாங்கிப் பிரித்துப் பாருங்கள். எந்தப் பாகம் எங்கே தேயும் என்று கைக்குத் தெரிந்தால்தான் கண் நம்பும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் எங்கே போனாலும், கடைத்தெருவில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் லென்ஸோடு குனிந்திருக்கும் வயதான ரிப்பேர்க்காரர் ஒருவராவது இருப்பார். அவரிடம் ‘இது அசலா’ என்று கேட்காதீர்கள். அவர் உங்கள் மனம் நோகாமல் ஏதாவது சொல்வார். ‘இதில் எதெல்லாம் மாத்தியிருக்கு அண்ணே’ என்று கேளுங்கள். அடுத்த அரைமணி நேரம் அவர் சொல்வதைத்தான் எந்தப் புத்தகத்திலும் காண முடியாது. பழைய டயல்களை டப்பியில் போட்டு வைத்திருப்பார்கள், கேட்டால் கொட்டிக் காட்டுவார்கள். நூறு அசல் டயலைப் பார்த்த கண்ணுக்கு மறு அச்சு தானே உறுத்தத் தொடங்கும்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால் நேர்முகமாக எடுத்த டயல் படம், சாவிப் பக்கப் படம், பின்மூடியின் உள்ளும் புறமும், மெஷின் படம் இத்தனையும் கேளுங்கள். கறுப்பு வெல்வெட்டில் வைத்து டயலை மட்டும் பத்துக் கோணத்தில் எடுத்திருப்பவர், மெஷினை ஒரே ஒரு கோணத்தில் எடுக்க மாட்டேன் என்றால் காரணம் இருக்கும். பழைய பெட்டி, உத்தரவாத அட்டை இவற்றுக்குத் தனி விலை கொடுக்காதீர்கள், அட்டையில் வாட்ச்சின் எண் எழுதியிருந்து அது மூடியோடு ஒத்தால் மட்டும் யோசிக்கலாம்.

உங்கள் மூன்றையும் இப்போதைக்குச் சாவி கொடுத்தோ ஆட்டியோ ஓட்டிப் பார்க்க வேண்டாம். பல வருஷம் கிடந்த மெஷினில் எண்ணெய் பிசினாகியிருக்கும், ஓடினால் பல்சக்கர அச்சுகள் தேயும். முதலில் சீகோவைத் திறந்து மூன்று எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். சீ கிங்கின் சாவிப் பக்கத் துருவைப் படம் எடுங்கள். ஜனதாவின் கண்ணாடியை மாற்றலாம், டயலைத் தொடவிடாதீர்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது "டயல் பாலிஷ் வேண்டாம், கேஸ் பாலிஷும் வேண்டாம், கழற்றின பழைய பாகத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்று மூன்றையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால், உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து மெருகு போட்டே கொடுத்துவிடுவார்கள்.